ஜெனிபர் என்ற பெயர் எப்படிப் பரவியது?

ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு மூன்று ஜெனிபர்கள் படித்தார்கள். டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எம். ஜெனிபர், எஸ். ஜெனிபர், எக்ஸ். ஜெனிபர் என்று இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிடுவார். எக்ஸ் என்றால் அப்பா சேவியர். நாங்கள் அவளை 'எக்ஸ்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். கடைசியில் அவளே நோட்டு லேபிளில் அப்படி எழுதிக்கொள்ளும் அளவுக்குப் போனது.

ஒருநாள் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஒவ்வொருவராக எழுப்பி, "உன் பெயருக்குரிய புனிதர் யார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தெரசா சொன்னாள். அந்தோணியம்மாள் பட்டென்று சொன்னாள். செசிலி சொன்னாள். ஜெனிபர்கள் முறை வந்தபோது மூன்று பேரும் எழுந்து நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிஸ்டரும் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் வெகுநாள் இருந்தது. ஜெனிபர் என்றாலே கிறிஸ்தவப் பெயர் என்றுதான் நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பைபிளைப் புரட்டினால் மரியாள் உண்டு, எஸ்தர் உண்டு, ரூத் உண்டு, எலிசபெத் உண்டு. ஜெனிபர் எங்கும் இல்லை. பழைய புனிதர் வரலாறுகளிலும் அந்தப் பெயர் கண்ணில் படாது. பிறகு எங்கிருந்து வந்தது? எப்படி ஒரே வகுப்பில் மூன்று பேருக்கு வந்தது?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒரு பெயர் எங்கே பிறந்தது என்பது ஒரு கதை. அது எப்படிப் பரவியது என்பது இன்னொரு கதை. பெயர் அகராதியில் 'பொருள்: வெண்மையானவள்' என்று ஒரு வரி பார்த்ததும் கதை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். பொருள் பார்த்து வைத்ததால் எந்தப் பெயரும் லட்சக்கணக்கில் பரவுவதில்லை. ஜெனிபரை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது நன்றாக விளங்கும். பிறப்புக் கதையும் பரவல் கதையும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும் பெயர்கள் அதிகம் இல்லை.

அரசியின் பெயர்

பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் அரசரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட்ட மேசை, வாள், வீரர்கள் என்று போகும் கதை. அவருடைய மனைவி கினிவியர். அது ஆங்கில வடிவம். மூலம் வேல்ஸ் நாட்டு மொழியில் இருக்கிறது: க்வென்ஹுய்வர். இதில் 'க்வென்' என்பதற்கு வெள்ளை, அழகு, தூய்மை என்றெல்லாம் பொருள் உண்டு. பிற்பாதிக்கு மென்மை என்று சிலர் பொருள் சொல்கிறார்கள். மொழி அறிஞர்கள் பலர் அதை ஆவி, மாய உரு என்ற பொருளுள்ள பழைய சொல்லோடு இணைக்கிறார்கள். அயர்லாந்துப் பழங்கதையில் மேவ் அரசியின் மகளுக்கு ஃபின்டவிர் என்று பெயர். வேல்ஸ் மொழியில் 'க்வென்' எப்படியோ அப்படியே ஐரிஷில் 'ஃபின்'. அதற்கும் வெள்ளை என்றுதான் பொருள். ஆக இரண்டும் அக்கா தங்கைப் பெயர்கள். வெண்மையான மாய உரு என்பது எனக்குப் பிடித்த விளக்கம். விடியலில் மலைச்சரிவில் பனி இறங்கி நிற்பது போல ஒரு படம் மனதில் வருகிறது.

வேல்ஸ் மரபில் 'மூன்று மூன்றாக' நினைவில் வைத்துக்கொள்ளும் பழைய தொகுப்பு ஒன்று உண்டு. அதில் ஆர்தரின் பெரிய அரசிகள் மூவர் என்று ஒரு பட்டியல் வருகிறது. மூவருக்குமே க்வென்ஹுய்வர் என்றுதான் பெயர், தகப்பன் பெயர் மட்டும்தான் வேறு. எங்கள் எம்., எஸ்., எக்ஸ். மாதிரியே. இதைப் படித்த அன்று எக்ஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

1136 வாக்கில் மான்மவுத் ஜெஃப்ரி என்ற மதகுரு லத்தீனில் பிரிட்டன் அரசர்களின் வரலாறு எழுதினார். வரலாறு என்று பெயரே தவிர, பாதிக்கு மேல் கதை. அதில் இந்த அரசி கார்ன்வாலின் பிரபுவான காடோர் வீட்டில் வளர்ந்தவள் என்று வருகிறது. கார்ன்வால் என்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரெஞ்சுக் கவிஞர்கள் கதையைக் கையில் எடுத்தார்கள். கிரெத்தியன் டி ட்ரோய் 12ஆம் நூற்றாண்டில் அரசிக்கும் வீரன் லான்சலட்டுக்கும் இடையிலான காதலை எழுதினார். அதிலிருந்து அவள் பெயரோடு ஒரு களங்கமும் ஒட்டிக்கொண்டது. இத்தாலியில் அதே பெயர் ஜினெவ்ரா ஆனது. லியனார்டோ டா வின்சி வரைந்த ஜினெவ்ரா டி பென்ச்சி என்ற பெண்ணின் ஓவியம் வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த 15ஆம் நூற்றாண்டுப் பெண்ணும் நம் ஜெனிபரும் ஒரே பெயர்க்காரர்கள்தான்.

கார்ன்வால்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் கார்ன்வால். மீன்பிடித்தலும் தகரச் சுரங்கமும்தான் ஒரு காலத்தில் அந்த ஊரின் பிழைப்பு. அங்கே கார்னிஷ் என்ற தனி மொழி இருந்தது, வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய உறவு. 1777இல் மவ்ஸல் என்ற மீனவ ஊரில் இறந்த டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரப் பாட்டியைத்தான் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

மொழி மங்கிப் போனது, ஆனால் சில பெயர்கள் தப்பித்தன. அவற்றில் ஒன்று ஜெனிபர். க்வென்ஹுய்வர் கார்ன்வால்காரர்களின் நாக்கில் புரண்டு புரண்டு எடுத்த வடிவம் அது. ஆங்கிலேயர்கள் கதைப் புத்தகத்தில் 'கினிவியர்' என்று படித்துக்கொண்டிருந்த அதே பெயரை, கார்ன்வாலில் மீனவர் வீட்டிலும் சுரங்கத் தொழிலாளி வீட்டிலும் பெண் குழந்தைக்குச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். சர்ச் ஞானஸ்நானப் பதிவேடுகளில் காதில் விழுந்தபடி ஜெனிபர், ஜெனெபர் என்று பலவிதமாக எழுதப்பட்டிருக்கிறது. வெளியூரில் யாருக்கும் தெரியாது. 1900இல் லண்டனில் ஒரு பெண் தன் பெயர் ஜெனிபர் என்று சொல்லியிருந்தால், திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

இது நான் ஊகித்துச் சொல்வதல்ல. கிட்டத்தட்ட இதே காட்சி ஒரு நாடகத்தில் வருகிறது. பெர்னார்ட் ஷா எழுதிய 'டாக்டர்ஸ் டிலமா' 1906 நவம்பரில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் நடிக்கப்பட்டது. காசநோய்க்குப் புது மருத்துவம் கண்டுபிடித்த ஒரு டாக்டர். அவரால் குறிப்பிட்ட சிலருக்குத்தான் சிகிச்சை தர முடியும். யாரைக் காப்பாற்றுவது என்பதுதான் சிக்கல். நோயாளியான ஓவியனின் மனைவி அவரைத் தேடி வருகிறாள். அவள் பெயர் ஜெனிபர். டாக்டருக்கு அந்தப் பெயர் விசித்திரமாகப் படுகிறது. கார்ன்வாலில் இது விசித்திரமில்லை, நீங்கள் கினிவியர் என்று சொல்வதுதான் இது என்று அவள் விளக்குகிறாள். பார்வையாளர்களுக்குப் பெயரைப் புரியவைக்க ஆசிரியரே வசனம் எழுத வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அதிலிருந்துதான் பெயர் கார்ன்வாலைத் தாண்டி வெளியே நடக்க ஆரம்பித்தது. 1940களிலும் 50களிலும் பிரிட்டனில் ஜெனிபர் நன்றாகவே பரவியிருந்தது. அமெரிக்காவில் அதன் பெரிய அலை அடித்தது ஒரு தலைமுறை கழித்து.

இடையில் ஜென்னி

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஜென்னி என்பது ஜெனிபரின் சுருக்கம் என்று இன்று நினைக்கிறோம். உண்மையில் ஜென்னி மிகவும் மூத்தவள். ஜேன், ஜேனட், ஜொஹானா போன்ற பெயர்களின் செல்லப் பெயராகப் பல நூற்றாண்டுகளாக அது ஐரோப்பாவில் புழக்கத்தில் இருந்தது. காரல் மார்க்ஸின் மனைவி ஜென்னியை நம் ஊரில் தெரியாத இடதுசாரிக் குடும்பம் கிடையாது. அவர் நினைவாக மகளுக்கு ஜென்னி என்று பெயர் வைத்த தோழர்கள் உண்டு. அவருடைய முழுப் பெயர் ஜொஹானா பெர்தா ஜூலி ஜென்னி ஃபான் வெஸ்ட்ஃபாலன். அதில் ஜெனிபர் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஜெனிபர் என்ற பெயர் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பஞ்சு நூற்கும் 'ஸ்பின்னிங் ஜென்னி' இயந்திரம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோமே, அதுவும் 1760களைச் சேர்ந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஜெனிபர் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். பெயர் புதிது. ஆனால் அதைச் சுருக்கினால் வருவது எல்லோருக்கும் பழகிய ஜென்னி. குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்த திருப்தியும் கிடைத்தது, கூப்பிட வாய்க்குப் பழகிய பெயரும் கிடைத்தது. இப்படி ஒரு சேர்க்கை எளிதில் அமையாது.

எண்கள் சொல்வது

அமெரிக்காவில் எந்த ஆண்டில் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று இன்று எவரும் பார்க்கலாம். சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் என்ற அரசுத் துறை, தன்னிடம் பதிவான பெயர்களை 1880இல் பிறந்தவர்களில் தொடங்கி எண்ணி வெளியிடுகிறது. இந்த வழக்கம் 1997இல் அந்தத் துறையில் வேலை பார்த்த மைக்கேல் ஷேக்கிள்ஃபோர்டு என்பவரால் வந்தது. தன் பெயர் எங்கு பார்த்தாலும் இருப்பது அவருக்கு அலுப்பாக இருந்தது. பிறக்கப்போகும் தன் குழந்தைக்கு அப்படி ஆகக் கூடாது என்று, அலுவலகத் தரவுகளை எண்ண ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். ஒரு அப்பாவின் கவலைக்கு விடையாக வந்த பட்டியல் அது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துறை ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண் முறையே 1930களின் நடுவில்தான் வந்தது. அதனால் அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் தனிப் பெயராக எண்ணப்படும், ஒரு 'என்' போட்ட ஜெனிபர் வேறு, இரண்டு 'என்' போட்ட ஜெனிபர் வேறு. ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்கள், தனி மனிதர்களை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, வெளியிடப்படுவதில்லை.

சரி, ஜெனிபருக்கு வருவோம். முதல் ஆயிரம் பெயர்களுக்குள் அது முதன்முதலில் நுழைந்தது 1938இல். 1942இல் ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், ஃபிலிஸ் ஐஸ்லி என்ற இளம் நடிகைக்கு ஜெனிபர் ஜோன்ஸ் என்று திரைப்பெயர் சூட்டினார். அடுத்த ஆண்டு வந்த 'சாங் ஆஃப் பெர்னடெட்' படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. பெயர் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. 1960களின் பிற்பகுதியில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. 1970இல் முதலிடம். அங்கிருந்து 1984 வரை, தொடர்ந்து 15 ஆண்டுகள், இறங்கவே இல்லை.

உச்சத்தில் இருந்தது 1972. அந்த ஒரே ஆண்டில் 63,000க்கும் அதிகமான பெண் குழந்தைகளுக்கு ஜெனிபர் என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 25 பெண் குழந்தைகளில் ஒன்று. 1970 முதல் 1979 வரை மொத்தம் சுமார் 5,80,000 ஜெனிபர்கள். அந்தப் பத்தாண்டில் இரண்டாம் இடம் பிடித்த பெயருக்கு இதில் பாதி எண்ணிக்கைகூட இல்லை. வகுப்புக்கு இரண்டு மூன்று ஜெனிபர்கள். ஜெனிபர் எம்., ஜெனிபர் எஸ். என்று பெயருக்குப் பின்னால் எழுத்து போட்டுக் கூப்பிட்டார்கள். நம் ஊரில் எழுத்து முன்னால், அவ்வளவுதான் வித்தியாசம்.

படம்தான் காரணமா?

ஜெனிபர் ஏன் இப்படிப் பரவியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் கிடைக்கும்: 'லவ் ஸ்டோரி'. எரிக் சீகல் எழுதிய நாவல் 1970 பிப்ரவரியில் வந்தது. அதே கதை படமாகி டிசம்பரில் திரைக்கு வந்தது. கதாநாயகி ஜெனிபர், செல்லமாக ஜென்னி. இளம் வயதில் நோயில் இறந்துபோவாள். தியேட்டரில் அழாதவர் இல்லை. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் மகளுக்கு ஜெனிபர் என்று வைத்தார்கள் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படம் வெளியானது 1970 டிசம்பர் நடுவில். அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் அதற்குள் பிறந்து பெயரும் வைத்தாகிவிட்டது. 1970இல் ஜெனிபர் முதலிடம் பிடித்ததற்குப் படம் காரணமாக இருக்கவே முடியாது. 1969இலேயே அது முதல் ஐந்துக்குள் இருந்தது. அப்போது நாவலும் வரவில்லை. இதற்கு ஆதாரம் தேட எண்களுக்குள்கூடப் போக வேண்டாம். நடிகை ஜெனிபர் ஆனிஸ்டன் பிறந்தது 1969 பிப்ரவரி. பாடகி ஜெனிபர் லோபஸ் பிறந்தது 1969 ஜூலை. மரபணுத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக 2020இல் வேதியியல் நோபல் பெற்ற ஜெனிபர் டவுட்னா பிறந்தது 1964. இவர்களின் பெற்றோர் யாரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருக்க முடியாது.

அதற்காகப் படத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1970இல் சுமார் 46,000 ஆக இருந்த எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் 63,000ஐத் தாண்டியதில் படத்துக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் காற்று முன்பே அடித்துக்கொண்டிருந்தது. படம் அந்தக் காற்றில் தூற்றிக்கொண்டது. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு எழுத்தாளர் 1960களின் இறுதியில் தன் கதாநாயகிக்கு, இருபதுகளில் இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு, பெயர் தேடுகிறார். அவர் காதில் விழுவதும் அப்போது எல்லோர் காதிலும் விழுந்துகொண்டிருக்கும் பெயர்தான். எழுத்தாளரும் பெற்றோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

பெயர்களின் நாகரிகத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹார்வர்டு சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் அழுத்திச் சொன்ன விஷயமும் இதை ஒட்டியதுதான். சினிமா, பிரபலங்கள் என்று வெளியிலிருந்து வரும் காரணங்களை நாம் மிகைப்படுத்துகிறோம். பெயர்களின் ரசனை பெரும்பாலும் தனக்குள்ளேயே நகர்கிறது என்றார் அவர். ஏற்கெனவே இருக்கும் பெயரிலிருந்து ஓரடி தள்ளிய ஓசைதான் அடுத்த பெயராகிறது. ஒரேயடியாகப் பத்தடி தாண்டுவதில்லை.

கல்யாண மண்டபத்துப் புடவை

அப்படியானால் உண்மையில் என்ன நடந்தது? 1880 முதல் 1946 வரை அமெரிக்காவில் பெண் பெயர்களில் மேரிதான் எப்போதும் முதலிடம். அம்மா பெயரை, பாட்டி பெயரை வைக்கும் வழக்கம் அதைத் தாங்கிப் பிடித்தது. போருக்குப் பிறகு புதிய ஊர்களுக்குக் குடிபோன இளம் தம்பதிகளுக்கு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. மேரி, டோரத்தி, ஹெலன் எல்லாம் பெரியவர்கள் பெயராகப் பட்டன. 1947இல் லிண்டா முதலிடத்துக்கு வந்தது. மேரி மறுபடி பிடித்தாலும், 1962இல் லிசாவிடம் ஒரேயடியாக இழந்தது. லிசாவை 1970இல் ஜெனிபர் தள்ளியது.

புதுசு வேண்டும், ஆனால் விசித்திரமாக இருக்கக் கூடாது. பாட்டிக்கு இருக்கக் கூடாது, ஆனால் பாட்டி கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான தம்பதிகள், ஒருவரை ஒருவர் கேட்காமல், தங்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து தேடினார்கள். ஒரே அளவுகோலோடு தேடினால் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள். கடையில் இதுவரை யாரும் கட்டிப் பார்த்ததில்லை என்று ஆசையாக எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், பந்தியில் அதே புடவையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அதுதான். யாரும் யாரையும் பார்த்து எடுக்கவில்லை. அந்த சீசனின் கண் அப்படி. அந்தப் பெற்றோரில் ஒருவர்கூட 'ஊரோடு ஒத்து' பெயர் வைக்க நினைத்திருக்க மாட்டார். ஒவ்வொருவரும் தம் மகளுக்கு என்று தனியாகத் தேடிக் கண்டுபிடித்ததாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையும் பொய்யில்லை.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் விஷயம் தெரியவரும். அதற்குள் அடுத்த ஆண்டுக் குழந்தைகளுக்கும் வைத்தாகியிருக்கும். பெயர் நிறைந்துவிட்டது என்ற உணர்வு பெற்றோர்களிடம் மெதுவாகத்தான் பரவும். பரவியதும் இறக்கம் தொடங்கிவிடும். 1985இல் ஜெசிகா முதலிடத்துக்கு வந்தது. கவனியுங்கள், அதுவும் 'ஜெ'தான், மூன்று அசைதான். ஓரடி தள்ளிய பெயர். ஜெனிபர் 2010 வாக்கில் முதல் நூறுக்கு வெளியே போய்விட்டது. 2020களில் முதல் முந்நூறுக்குள்ளும் இல்லை. மகளுக்கு அம்மா பெயர் பழசாகப் படும்; ஜெனிபர்கள் தங்கள் பெண்களுக்கு எமிலி, எம்மா, ஒலிவியா என்று கொள்ளுப்பாட்டி காலத்துப் பெயர்களைத் தேடிப் போனார்கள்.

இந்த எழுச்சியும் வீழ்ச்சியும் பெயரை ஒரு வயதுச் சான்றிதழ் ஆக்கிவிடுகின்றன. ஜெனிபர் என்ற அமெரிக்கப் பெண்ணை முகம் பார்க்காமலேயே நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இருப்பார் என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நமக்கும் இது தெரியாததில்லை. பங்கஜம் என்றால் ஒரு வயது, விஜயலட்சுமி என்றால் ஒரு வயது, ஐஸ்வர்யா என்றால் ஒரு வயது.

தர வரிசையோடு பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அடுத்து. 1880 பட்டியலில் நூறு பெண் குழந்தைகளில் ஏழு பேர் மேரி. ஜெனிபரின் உச்சத்தில் நூறுக்கு நான்கு. இன்று முதலிடத்தில் இருக்கும் ஒலிவியா நூறுக்கு ஒன்று என்ற அளவுதான். முதலிடம் என்ற சொல் அதேதான், ஆனால் அதன் கனம் குறைந்துகொண்டே வருகிறது. ஆளுக்கொரு பெயர் தேடும் காலம் இது. ஒரே பெயர் ஒரு நாட்டின் ஒரு தலைமுறையையே அப்படி நிறைத்தது ஜெனிபரோடு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

நம் ஊர் ஜெனிபர்

நம் நாட்டில் இப்படி ஆண்டுவாரியாக அரசுப் பட்டியல் எதுவும் வருவதில்லை. அதனால் தமிழ்நாட்டில் எத்தனை ஜெனிபர்கள் என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியின் பழைய குரூப் போட்டோவை எடுத்துப் பெயர் வரிசையைப் படித்தால் ஜெனிபர் இல்லாத வரிசை அரிது. அம்மா, பாட்டி தலைமுறை அந்தோணியம்மாள், சூசையம்மாள், மரியபுஷ்பம், ஞானசௌந்தரி. அந்த 'அம்மாள்' ஒலியிலிருந்து விலக நினைத்த பெற்றோருக்கு ஜெபா, ஜெசி, ஜெனிட்டா, ஜெமிமா என்று 'ஜெ' வரிசை வாகாக இருந்தது. ஜெபம், ஜெயம் என்ற சொற்களின் ஓசையும் அதற்குள் கேட்கிறது. ஜெனிபர் அந்த வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில் ஜென்னி செய்த வேலையை இங்கே 'ஜெ' என்ற ஒரு எழுத்து செய்தது என்று நினைக்கிறேன். புனிதர் பெயர் வேண்டுமே என்ற இடத்தில் முன்னால் மரிய சேர்த்துக்கொண்டார்கள். எக்ஸின் திருமுழுக்குப் பெயர் மரிய ஜெனிபர். அன்று சிஸ்டர் கேட்டபோது அது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

எழுதுவதில்தான் பாடு. தமிழில் 'ஃப' ஓசைக்குத் தனி எழுத்து கிடையாது. ஆய்த எழுத்தைப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கிறோம். எக்ஸின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஜெனிபர்', குடும்ப அட்டையில் 'ஜெனிப்பர்', ஆதாரில் 'ஜெனிஃபர்'. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவள் இரண்டு மாதம் அலைந்தாள். நோட்டரி ஒருவரிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதப் போனால், அவர் நான்காவதாக 'ஜென்னிபர்' என்று டைப் செய்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தாள்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்ன்வால் பதிவேடுகளைப் பற்றிச் சொன்னேன். அங்கேயும் ஒவ்வொரு பாதிரியாரும் காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள் என்றேன். திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த அவள் பாட்டி, பேச்சு எதைப் பற்றி என்று தெரியாமலேயே, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "செனிபரு, அந்த நூல்கண்ட எடுத்தா."